கடைமடைக்கு எட்டிய வெளிச்சம்

வில்லியனூர் தேரடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கிறது. வாசலில் போர்வெல் மோட்டார்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். உள்ளே போனால் செப்புக் கம்பி உருளைகளும் சூடான வார்னிஷ் வாசனையும். போன தை மாதம் அந்த மோட்டார்களுக்கு நடுவே ஒரு கறுப்புக் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. மூக்கில் கூரை முகடுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடுகள். சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான்.

பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் கார் அது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவருடைய அப்பா வாங்கியது. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சு ஆட்சிப் பகுதியின் 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. கொடி மாறியது, நாணயம் மாறியது. காரின் வயருக்குள் மட்டும் அதே 6 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதை 12 வோல்ட்டாக உயர்த்தத்தான் கார் இங்கே வந்திருந்தது. அந்த வேலை நடந்த நான்கு நாளும் ஒரு முக்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கச்சேரி கேட்கப் போனவன் தனி ஆவர்த்தனத்துக்கு நடுவில் எழுந்து வருவானா?

இந்தக் காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1934ல் பாரிஸின் ஜாவெல் ஆலையிலிருந்து வெளிவந்தது. தனிச் சட்டம் கிடையாது, உடலே எலும்பு. பின்சக்கரம் தள்ளாது, முன்சக்கரம் இழுக்கும். உருவத்தைச் செதுக்கியவர் ஃபிளமீனியோ பெர்த்தோனி என்ற சிற்பி. பொறியமைப்பைச் சிந்தித்தவர் ஆந்த்ரே லெஃபெவ்ர். 1957 வரை, ஏழரை லட்சத்துக்கும் மேல் உருவாயின. இவ்வளவு முன்னே நடந்த கார் மின்சாரத்தில் மட்டும் ஊரோடு ஒத்துப் போனது. அந்தக் காலத்தில் 6 வோல்ட்தான் வழக்கம். ஈய-அமில பேட்டரியின் ஓர் அறை 2 வோல்ட் தரும். மூன்று அறை வைத்தால் 6. விளக்கு எரிய, பிளக்கில் பொறி பறக்க, இன்ஜினைச் சுழற்ற அது போதும் என்று இருந்தார்கள்.

போதவில்லை என்பது மோட்டார் உலகத்துக்குத் தொடக்கத்திலேயே தெரியும். 1912ல் காடிலாக் காருக்கு சார்லஸ் கெட்டரிங் மின் ஸ்டார்ட்டர் அமைத்தபோது, இன்ஜினைச் சுழற்ற 24 வோல்ட்டும் விளக்குக்கு 6 வோல்ட்டும் கிடைக்கும்படி பேட்டரியின் அறைகளை மாற்றி மாற்றி இணைத்தார். பிறகு செலவும் சிக்கலும் பார்த்து எல்லாரும் ஆறிலேயே நின்றார்கள். 1950களின் நடுவில் இன்ஜின்களின் அழுத்தம் கூடிச் சுழற்றுவது கடினமான பிறகுதான் அமெரிக்கக் கார்கள் பன்னிரண்டுக்குத் தாவின. வோக்ஸ்வாகன் பீட்டில் 1960களின் நடுப்பகுதி வரை ஆறிலேயே ஓடியது.

ஆறு வோல்ட்டில் என்ன தொல்லை என்று கார்க்காரர் கேட்டார். காயில் கட்டுபவர், அறுபதை நெருங்கியவர், கையிலிருந்த கம்பியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஏரில தண்ணி எவ்ளோ ஒசரம் நிக்குதோ, அதான் ஐயா வோல்டேஜு. வாய்க்கால்ல எவ்ளோ ஓடுதோ, அது ஆம்பியர். உங்க ஏரில மட்டம் கம்மி. அதனால வாய்க்கால அகலமா வெட்டி நெறைய தண்ணி விட்டிருக்கான். ஆனா வழியெல்லாம் தூரு. கடைமடைக்கு வர்றதுக்குள்ள தண்ணி நின்னுபோவுது."

கார்க்காரர் தலையசைத்தார். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருவதையும், மதகு திறந்த பிறகும் கடைசி வயல்காரன் மண்வெட்டியோடு காத்து நிற்பதையும் பிறந்ததிலிருந்து பார்த்தவர். டிரான்ஸ்பார்மருக்கு வெகுதூரத்தில் இருக்கும் மோட்டார் மாலையில் உறுமிக்கொண்டே சுற்றாமல் நிற்பதையும் பார்த்தவர். அவருக்கு இதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை.

கணக்கு வேண்டுவோருக்கு அதையும் சொல்கிறேன். 36 வாட் முன்விளக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். வயர், சுவிட்ச், இணைப்பு எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். அது பத்தில் ஒரு பங்கு. இழை பல்பின் குணம், மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். அதே 36 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியரே கேட்கும். வழியில் போவது 0.3 வோல்ட், நாற்பதில் ஒரு பங்கு. வெளிச்சத்தில் இழப்பு 10 சதவீதத்துக்கும் கீழ். வயர் அதே வயர். பாதிச் சுமையோடு நடக்கிறது, அவ்வளவுதான். மட்டத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பின் விகிதம் கால் பங்காகிறது. இந்த ஒரு வரிதான் இந்தக் கலைக்கு ஆதார சுருதி.

முதல் நாள் அவர் எதையும் மாற்றவில்லை. என்னை முதலில் கவர்ந்தது அதுதான். பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றினார். அது உட்காரும் இரும்பைப் பளபளக்கும் வரை சுரண்டினார். விளக்கு ஒவ்வொன்றின் எர்த்துக்கும் அதே மரியாதை. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளைக் கையில் உருட்டிப் பார்த்தார். எப்போதோ யாரோ 12 வோல்ட் காரின் மெலிந்த கேபிளை மாட்டியிருக்கிறார்கள். 6 வோல்ட்டுக்கு விரல் பருமன் கேபிள் வேண்டும். அதை மாற்றிக் கட்டிவிட்டு செல்ஃப் அடித்தபோது முன்பு முனகிய இன்ஜின் சட்டென்று பிடித்துக்கொண்டது. விளக்கும் தெளிந்தது. "இதுவே போதும்னா இதோட விட்டுடலாம் ஐயா" என்றார். பணம் வரும் வேலையை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கையை நான் நம்புவேன். பழைய கார்களில் 6 வோல்ட்டின்மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி துருவுக்கும் மெல்லிய கேபிளுக்கும் உரியது.

கார்க்காரர் யோசித்தார். பெரிய 6 வோல்ட் பேட்டரிக்கும் பல்புக்கும் ஒவ்வொரு தடவையும் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது என்றார். "எனக்கப்புறம் பேரன் ஓட்டணும், தம்பி. அவன் எங்க போய்த் தேடுவான்?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் டைனமோ கழன்றது.

டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுவது சுலபம். காரும் ஓடும். ஆனால் பானெட்டைத் திறந்தால் அந்நியன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். இவர் பழைய டைனமோவையே பன்னிரண்டுக்குக் கட்டினார். முதலில் ஃபீல்டு காயிலைப் பிரித்தார். பிரிக்கும்போது ஒவ்வொரு சுற்றையும் வாய்க்குள் எண்ணி, நூறுக்கு ஒரு கோடாகச் சாக்பீஸால் சுவரில் கிழித்தார். புதிதாகச் சுற்றும்போது சுற்று இரண்டு மடங்கு. கம்பியின் குறுக்குப் பரப்பு பாதி. 1 மில்லிமீட்டர் கம்பி இருந்த இடத்தில் 0.7 மில்லிமீட்டர். ஆர்மேச்சருக்கும் இதே விதிதான். சுற்று இரட்டித்து, குறுக்குப் பரப்பு பாதியானால் செம்பின் அளவு மாறுவதில்லை. பிரித்த கம்பியையும் சுற்றிய காயிலையும் தராசில் வைத்துக் காட்டினார். முள் ஏறக்குறைய நடுவில் நின்றது. அதே இரும்பு, அதே செம்பு, அதே குழிக்குள் அதே இடம். எண்ணிக்கை மட்டும் மாற, ஆறு பன்னிரண்டாகிறது. அரிசியும் உளுந்தும் அதே அளவில் இருக்க, கைப்பக்குவத்தால் மாவு இரு மடங்கு பொங்குவதுபோல் இருந்தது எனக்கு.

கட்டிய ஆர்மேச்சரை குரோலர் என்ற சோதனைக் கருவியின்மேல் வைத்து, ஹாக்ஸா பிளேடை அதன்மேல் மெதுவாக நகர்த்தினார். உள்ளே ஏதாவது ஒரு காயில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் பிளேடு வண்டுபோல் ரீங்கரிக்கும். ஒரு முழுச் சுற்று முடியும்வரை கடையில் யாரும் பேசவில்லை. பிளேடு மௌனமாகவே வந்து சேர்ந்தது. பிறகு கம்யூட்டேட்டரின் செப்புப் பட்டைகளுக்கு இடையே மைக்காவைப் பட்டை பட்டையாகக் கீறிப் பள்ளமாக்கினார். கார்பன் பிரஷ் செம்பை மட்டுமே தொட வேண்டும். மைக்கா துருத்தினால் பிரஷ் குதிக்கும், பொறி பறக்கும். அதற்கு அவர் பயன்படுத்தியது தேய்ந்துபோன ரம்பத் துண்டு ஒன்று. அவர் கை அதற்குப் பழகி, அது அவர் கைக்குப் பழகிய கருவி. மாட்டிய பின் பேட்டரியிலிருந்து ஒரு வயரை ஃபீல்டு முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தார். புதுக் காயிலைச் சுற்றிய இரும்புக்கு எந்தப் பக்கம் வடக்கு என்று சொல்லித் தருகிற தொடுகை அது. அந்த நினைவு இல்லாவிட்டால் டைனமோ சுற்றிக்கொண்டே இருக்கும். மின்சாரம் தராது, தந்தாலும் திசை மாறித் தரும்.

கட்அவுட் பெட்டியின் மூடி மட்டும் பழசு. உள்ளே 12 வோல்ட் ரெகுலேட்டர். இக்னிஷன் காயில் மாறியது. பாயிண்டும் கண்டென்சரும் அப்படியே இருந்தன. பெட்ரோல் முள்ளுக்கும் வைப்பர் மோட்டாருக்கும் 6 வோல்ட்டையே இறக்கிக் கொடுக்கும் சிறு பெட்டிகள் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்தன. ஆம்பியர் மீட்டரைத் தொடவில்லை. அதற்கு வோல்ட் எவ்வளவு என்ற கவலை இல்லை. ஓடுவதை அளப்பதே அதன் வேலை. துணி சுற்றிய பழைய வயரிங்கில், இன்ஜின் சூட்டில் பொரிந்துபோன ஒன்றரை முழம் மட்டும் மாறியது. மற்றது பெரிய சுமைக்கென்றே பருமனாகப் போட்டது; பாதிச் சுமை அதற்கு ஓய்வு. ஃபியூஸை மட்டும் சிறிதாக்கினார். சுமை பாதியானால் காவலும் அதற்கேற்ப இறுக வேண்டும்.

ஹாரனில்தான் அவருடைய ரசனை முழுதாக வெளிப்பட்டது. 12 வோல்ட் ஹாரன் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் குரல் மாறிவிடும். ஹாரனின் குரல் அதன் தகட்டிலும் கூட்டிலும் இருக்கிறது. காயில் அதை உதைத்து எழுப்புகிறது. அதனால் காயிலை மட்டும் புதிதாகக் கட்டினார். அடித்துப் பார்த்தபோது கார்க்காரர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். சின்ன வயதில் திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தபோது தெருமுனையில் கேட்ட அதே குரல்.

6 வோல்ட் செல்ஃப் மோட்டாரை மாற்றாமல் அப்படியே விட்டார். பன்னிரண்டில் அது முரட்டுத்தனமாகப் பாயும். நீண்ட நேரம் பிடித்தால் பெண்டிக்ஸ் பல்சக்கரமும் ரிங் கியரின் பல்லும் அடிவாங்கும். "தொட்டு எடுக்கணும் ஐயா, புடிச்சு இழுக்கக் கூடாது" என்று சொல்லி, டாஷ்போர்டில் இருக்கும் குமிழை இழுக்கிற அளவைக் கையில் காட்டினார். கழற்றிய 6 வோல்ட் பொருட்கள் எல்லாம் எண்ணெய்த் தாளில் சுற்றி, பெயர் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் டிக்கிக்குள் போயின. நாளை யாராவது பழையபடி ஆக்க நினைத்தால் ஒரு துளைகூட அடைக்க வேண்டியிருக்காது.

இது காரின் பிறவிக்குத் துரோகம் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. அவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இதே டிராக்‌ஷன் அவான் இங்கிலாந்தில் ஸ்லவ் நகரத்துச் சிட்ரோயன் ஆலையிலும் உருவானது. லைட் ஃபிஃப்டீன் என்று பெயர். அது லூகாஸ் மின்சாதனங்களோடு 12 வோல்ட்டிலேயே பிறந்தது. கடலின் இந்தக் கரையில் 12, அந்தக் கரையில் 6. ஒரே தாய்க்குப் பிள்ளைகள். புதுச்சேரிக் கொம்யூன்களில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் நிலம் ஒட்டாத துண்டுகளாகக் கிடக்கிறது. இடையில் கடலூர், விழுப்புரம் மாவட்டத்து வயல்கள். ஒரு காலத்தில் இந்த வரப்பில் பிரெஞ்சு அதிகாரம், அந்த வரப்பில் ஆங்கில அதிகாரம். இரண்டு பக்கமும் ஒரே நாற்று, ஒரே உறவுமுறை. அண்ணனுக்கு இருந்ததைத் தம்பிக்கும் கொடுப்பதில் என்ன துரோகம்? அடுத்த தலைமுறைக் கார்கள் இப்போது 48 வோல்ட்டை நோக்கிப் போகின்றன. காரணம் அதே பழைய காரணம்: மட்டத்தை உயர்த்து, வாய்க்காலைச் சிறிதாக்கு, கடைமடைக்குக் கொண்டுபோய்ச் சேர்.

நான்காம் நாள் இருட்டிய பிறகு ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்குப் புறப்பட்டோம். விளக்கைப் போட்டதும் ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்தேன். முன்பு சாய்ந்ததில் பாதி தூரமே சாய்ந்து, டைனமோ வேகம் எடுத்ததும் நிமிர்ந்தது. முன்விளக்கின் வெளிச்சம் மஞ்சள். பிரான்சில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை காரின் முன்விளக்கு மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம். பல்பு பன்னிரண்டுக்கு மாறினாலும் அந்த நிறத்தை விடவில்லை. சாலையோரம் காயப்போட்டுத் தார்ப்பாய் மூடிய சம்பா நெல், அதைக் காக்கும் கல் வரிசை, குறுக்கே போன கீரிப்பிள்ளை எல்லாம் அந்த மஞ்சளில் முன்கூட்டியே தெரிந்தன.

ஏரிக்கரையில் கார் நின்றது. கார்க்காரர் இறங்கி, முன்விளக்கைத் திரும்பியும் பாராமல் நேராகப் பின்பக்கம் நடந்தார். காரின் வயர் அங்கேதான் முடிகிறது. முன்பெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கை குவித்துக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இப்போது அவர் வேட்டி முழுதும் சிவப்பு படிந்திருந்தது. நம்பர் பிளேட்டின் எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது.

மதகு திறந்த இரவில் கடைசி வயலில் காலை வைத்துப் பார்க்கிறவர்போல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். "வந்துடுச்சு" என்றார்.