கைகோக்க ஆளில்லாத பயிற்சி

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்த விழாவொன்றில், கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் அதிகாரி பேசினார். பாதுகாப்புப் பயிற்சிக்காக இனி யாரும் முன்கூட்டியே மும்பைக்கு ஓட வேண்டாம். லீவில் வீட்டில் இருக்கும்போதே கைப்பேசியில் பாடம் பார்த்துத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிவிடலாம், அதுவும் தமிழிலேயே என்றார். அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ரெட்டியார்பாளையத்திலிருந்து சாளுக்கியா எக்ஸ்பிரஸில் தாதர் போய், லாட்ஜில் தங்கி, புரியாத இந்தியில் இரண்டு நாள் வகுப்புக் கேட்டுத் தூங்கிவழிந்தவர்களை எனக்குத் தெரியும். பயணச் செலவு மிச்சம். பாடம் தாய்மொழியில் வருவதும் நல்லதே. மேடைக்குப் போகும் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் வெளியேறும் பயிற்சியை மட்டும் இன்னும் நீச்சல் குளத்தில்தான் நடத்துகிறார்கள். மாதிரி அறையில் பெல்ட்டோடு கட்டி, தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து, வெளியே வா என்கிறார்கள். 2022 ஜூன் 28 அன்று மும்பை ஹை எண்ணெய் வயல் பகுதியில் பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர் கடலில் இறங்கியபோது உள்ளே இருந்த ஒன்பது பேரில் நான்கு பேர் இறந்தார்கள். வெளியேறும் அந்தப் பயிற்சியைக் கைப்பேசியில் கற்றுக்கொடுக்கலாம் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. மற்றதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது?

வீட்டைவிட்டுப் பறந்து போய் முறைபோட்டு வேலை செய்வது கடலில் மட்டுமில்லை, சுரங்கத்திலும் உண்டு; 1952 சுரங்கச் சட்டம் எண்ணெய்க் கிணற்றையும் சுரங்கமாகவே கணக்கிட்டது. ஆஸ்திரேலியாவின் பில்பாரா இரும்புச் சுரங்கத்துக்குப் பெர்த்திலிருந்து பறந்து போய்வருகிறவனும், மும்பையின் ஜுஹுவில் ஹெலிகாப்டர் ஏறும் நம்ம ஊர் சாரக்காரரும் ஒரே மாதிரி வாழ்க்கைதான் வாழ்கிறார்கள். ஓ.என்.ஜி.சி.யின் நிரந்தர ஊழியருக்குப் பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் வீடு. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கடல் மாதக்கணக்கில் நீளும்.

என் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். லீவில் வந்திருந்தார். திண்ணையில் கைப்பேசியில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் விடைகளை அழுத்தினாள். நூற்றுக்குத் தொண்ணூறு. சிரித்தோம். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அவருடைய ஓய்வு நாள். அதற்குச் சம்பளமும் கிடையாது.

ஆனால் என் ஆட்சேபம் ஓய்வைப் பற்றியதும் அல்ல, மகளைப் பற்றியதும் அல்ல. அவர் நேர்மையாக உட்கார்ந்து நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் இதையே சொல்வேன். மேடையில் ஒருவன் தனியாகத் தப்பிப்பதில்லை. கடலில் உயிர்காக்கும் பயிற்சியில் சொல்லித்தரும் அடிப்படைகளில் ஒன்று, லைஃப் ஜாக்கெட்டோடு விழுந்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கும்பலாக மிதப்பது. உடம்புச் சூடு சீக்கிரம் போகாது, தேடுபவர் கண்ணுக்கும் படும். இதைத் திண்ணையில் யாரைப் பிடித்துக்கொண்டு பழகுவது?

2021 மே 17 அன்று டவ்தே புயலில், தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 பார்ஜ் மூழ்கியது. அதில் 261 பேர் இருந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர்காப்புத் தெப்பங்கள் பல ஓட்டையாக இருந்தன என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அது பயிற்சியின் குற்றமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல மாநிலத்து ஆட்கள் ஒன்றாகத் தங்கும் பார்ஜில், அலைக்கு நடுவே ஒருவன் கத்துவது இந்தியில் இருக்கலாம், மலையாளத்தில் இருக்கலாம், வங்க மொழியில் இருக்கலாம். விழாவில் பெருமையடித்துக்கொண்ட தமிழ்க்குரல் அங்கே இருக்காது. பாடம் புரிவதற்குத் தமிழ் வேண்டும். பக்கத்தில் நிற்பவன் எந்தச் சொல்லைக் கத்துவான் என்று தெரிவதற்கு அந்தப் பக்கத்து ஆளே வேண்டும்.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்தது. 167 பேர் மாண்டார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிஃப்ட் கழற்றி வைத்திருந்தது. அது இரவு ஷிஃப்டுக்குத் தெரியவில்லை, பம்பை ஓட்டினார்கள். அந்த மனிதர்களுக்கு வால்வைப் பற்றித் தெரியாமல் இல்லை. ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டின் காதில் போட வேண்டிய ஒரு செய்திதான் விட்டுப்போனது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வேலையில் ஆபத்து பெரும்பாலும் அந்த மாறும் நேரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. பதினான்கு நாள் பிள்ளைகளோடு இருந்துவிட்டு மேடையில் இறங்குபவனுக்கு, போன வாரம் எந்தக் குழாய் மாறியது, எந்த ஏணி கழன்றது என்பதை எந்தச் செயலி சொல்லும்?

கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: இது தொழிலாளிக்காகச் செய்த மாற்றமல்ல, கோப்புக்காகச் செய்த மாற்றம். நாளை விபத்து நடந்தால், ‘அவர் தேறியிருக்கிறார், இதோ தேதி, இதோ மதிப்பெண்’ என்று நீட்ட ஒரு தாள் இருக்கும். அதிகாரி என் மேல் கோபப்படுவார். படட்டும்.

வீட்டில் பாடம் கேட்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஏறுவதற்கு முந்தின நாள், கூட ஏறப்போகும் குழுவோடு, சம்பளத்தோடு ஒரு முழு நாள் வேண்டும். ஒரே குளத்தில் இறங்கட்டும். ‘விடு’, ‘நிறுத்து’, ‘ஓடு’ என்பதை எந்த மொழியில் கத்துவது என்று அவர்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும். இறங்கி வருகிற குழுவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கட்டும்.

என் தெருக்காரர் போன வாரம் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டார். சான்றிதழ் அவர் கைப்பேசியில் இருக்கிறது. யாரோடு ஹெலிகாப்டர் ஏறப்போகிறார் என்று கேட்டேன். போனால்தான் தெரியும் என்றார்.