சீனி பார்க்கும் மெஷின்: ஏறாவூர் வீடொன்றில் ஒரு பரீட்சை

ஏறாவூர்ப் பாமசிகளில் ‘சீனி பார்க்கிற மெஷின்’ என்று கேட்டால் எடுத்து நீட்டப்படும் கருவிகள் பல உண்டெனினும், அவற்றுள் நெடுங்காலமாக விற்பனையிலுள்ள அக்கு-செக் ஆக்டிவ் என்னும் குளுக்கோமீற்றரையே, பல வருடங்களாகச் சீனி வருத்தத்திற்கு மாத்திரை உண்டுவரும் எங்கள் உம்மாவின் உபயோகத்திற்காக வாங்கி, நோன்பு மாதத்திலும் அதற்கு முன்னும் பின்னுமாகப் பரீட்சித்துப் பார்த்தேன்.

உள்ளங்கையில் அடங்கும் இந்த யந்திரத்தின் சூட்சுமம் எளிது. ஸ்ட்ரிப்பில் பூசப்பட்ட இரசாயனம் இரத்தத்திலுள்ள குளுக்கோசுடன் சேர்ந்து நிறம் மாற, அம்மாற்றத்தை ஒளியினால் அளந்து, சுமார் ஐந்து விநாடிகளில் எண்ணாகக் காட்டிவிடுகிறது. இன்றைய மீற்றர்களிற் பெரும்பாலானவை மின்னோட்டத்தை அளப்பவையாக இருக்க, இது நிறத்தை அளக்கும் பழைய வழியைக் கைவிடாதது. அவ்வழியில் முதன்முதல் வந்த அமெரிக்க ஏம்ஸ் மீற்றர், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கனமுடையதாய், வைத்தியர்களுக்கு மாத்திரமே விற்கப்பட்டது. தாமே நீரிழிவு நோயாளியாயிருந்த ரிச்சர்ட் பேர்ன்ஸ்டீன் என்ற பொறியியலாளர், தம் மனைவி வைத்தியராயிருந்த காரணத்தால் 1969இல் அவர் பெயரில் ஒன்றைத் தருவித்து, தம் இரத்தத்தைத் தாமே அளந்து நோயை அடக்கக் கற்று, பின்னர் நாற்பது வயதைக் கடந்து மருத்துவமும் படித்துத் தேறினார். நோயாளியின் கையில் அளவுகோலைக் கொடுப்பதா என்று வைத்தியவுலகம் தயங்கிய காலம் அது.

பழைய வழியானாலும் அதில் ஒரு நன்மை உண்டு. ஸ்ட்ரிப்பின் பின்புறத்திலுள்ள சிறு வட்டத்தின் நிறத்தைக் குப்பியில் அச்சிட்ட நிறப்புள்ளிகளோடு ஒப்பிட்டு, யந்திரம் சொல்வதைக் கண்ணாலும் ஒருவாறு சரிபார்க்கலாம். எண்ணை நம்பாத உம்மா அந்த நிறத்தை நம்பினார். குறை, துளி சற்றுப் பெரிதாக வேண்டியிருப்பது. வேறு மீற்றர்கள் அரை மைக்ரோலீற்றர் அளவோடு திருப்தியடைய, இது ஒன்று முதல் இரண்டு வரை கேட்கிறது. முதிய விரல்களில் அது எளிதன்று. நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டிற் குத்தினால் நோவு குறைகிறது. குத்துவதற்கு முன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்துவதே பிரதானம். பேரீச்சம்பழமோ மாம்பழமோ தொட்ட விரலிலுள்ள இனிப்பு, ஸ்பிரிட்டுப் பஞ்சினால் துடைத்த பின்னும் எஞ்சிநின்று, எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடக் கூடும். ஒருவர் குத்திய ஊசியால் மற்றவர் குத்துதல் ஒருபோதும் ஆகாது.

ஒரு புறம் புன்னைக்குடாக் கடலும் மறு புறம் வாவியுமாக இருக்கும் நம்மூரில், வாடைக்காற்று மழைக்காலத்தில் உப்புப் போத்தலிலேயே நீர் கசியும். ஸ்ட்ரிப்புக்கு ஈரமே சத்துரு. ஆதலால் குப்பியின் மூடியை எடுத்த கணமே அடைத்துவிட வேண்டும். கடைகளில் உதிரியாகக் கடதாசியிற் சுற்றித் தரும் ஸ்ட்ரிப்புகளை வாங்கவே கூடாது. மெஷின் ஒருமுறைச் செலவு. மாதந்தோறும் பணத்தை விழுங்குவது ஸ்ட்ரிப்பே.

எண்ணின் நம்பகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேசத் தரப் பிரமாணமான ஐஎஸ்ஓ 15197, டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் அமைந்தாற் போதும் என்கிறது. அதாவது ஆய்வுகூடத்தில் 200 என வருவது வீட்டில் 170 ஆகவும் 230 ஆகவும் தோன்றலாம். நேற்று 142, இன்று 150 என்று கலங்குவதில் அர்த்தமில்லை. இரத்தச்சோகை உள்ளவர்க்கு எண் உண்மைக்கு மேலாகத் தோன்றுவதும் உண்டு. பிரயோசனம் தனியெண்ணில் இல்லை. உண்பதற்கு முன் ஒன்றும், உண்டு இரண்டு மணித்தியாலத்தின் பின் ஒன்றுமாக இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. அவ்வாறு பார்த்தபோது எங்கள் வீட்டில் குற்றவாளியாக நின்றது நோன்புக் கஞ்சியன்று, அதனுடன் வந்த சர்பத்தும் ரோல்ஸுமே.

“நோன்போட ரெத்தம் குத்திப் பாக்கலாமா மகன்?” என்று உம்மா கேட்டார். விரலிற் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் நோன்பு வழிகாட்டியோ, எண் 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டுமெனக் கூறுகிறது. வியர்வையும் நடுக்கமும் பசியினாலா, சீனி இறங்கியதாலா என்று பிற்பகலில் தடுமாறும் வேளையில், இந்த யந்திரத்துக்கு ஈடான துணை வேறில்லை.

நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கு மாத்திரம் இதை நம்பலாகாது. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தில் 200, பல வாரங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் ஆகிய எல்லைகள், நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வுகூடத்தில் அளப்பதற்கு வகுக்கப்பட்டவை. தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண் என்ற அறிகுறிகளுக்குக் காத்திருப்பதும் தவறு; 2005–2006இல் நடந்த தேசிய ஆய்வு, இலங்கையின் வயதுவந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், அவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அதை அறியாமலே இருந்ததாகவும் கண்டது. யுத்தகாலமாதலால் அந்தக் கணக்கில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. நம்மூரை அன்று ஒருவரும் அளக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: இன்சுலின் ஏற்றுவோரும், சீனியைச் சட்டென இறக்கக்கூடிய மாத்திரை உண்போரும், அவர்களுள் விசேடமாக நோன்பு நோற்க விரும்புவோரும், வைத்தியரின் ஆலோசனையோடு இதை வாங்குவது தகும், ஏனையோர் அப்பணத்தைச் சேமித்துக்கொண்டு, ஒருநாட் காலையில் ஒன்றும் உண்ணாமல் அரச வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும்.