வகைக்கு ஒருவர்

சரித்திரக் கதைக்குக் கல்கி, அறிவியல் புனைகதைக்கு சுஜாதா, துப்பறியும் கதைக்கு ராஜேஷ்குமார், குடும்பக் கதைக்கு ரமணிசந்திரன். பிடித்த எழுத்தாளர் யார் என்று தமிழ் வாசகர்களிடம் கேட்டால் இந்த வரிசை அநேகமாகப் பிசகாமல் வரும். இலக்கியம் என்றால்தான் ஆள் மாறும்: ஒருவர் தி. ஜானகிராமன் என்பார், இன்னொருவர் அசோகமித்திரன் என்பார்.

இப்படிப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கும் பழக்கத்தை இளக்காரமாகப் பேச முடியாது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் அச்சேறியது. இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்காசியாவைத் தமிழுக்குள் கொண்டுவந்த அந்த நாவலை வெகுகாலம் சீந்துவாரில்லை. சி. மோகன் போன்ற விமர்சகர்கள் விடாமல் எடுத்துச் சொன்ன பிறகே அது வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கும் முன்பே விமர்சகர் க.நா.சு. இதை முழுநேர வேலையாகச் செய்தவர். 'படித்திருக்கிறீர்களா?' என்று தனி நூலே எழுதினார். நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனைப் பாராட்டியதோடு நிற்காமல், அவர் நாவலை 'நிலவளம்' என்று மொழிபெயர்த்தும் கொடுத்தார். சிபாரிசுக்காக இவ்வளவு உழைத்தவர்கள் குறைவு.

ஆனால் க.நா.சு.வின் தராசில் கல்கிக்கு எடை இல்லை. பிற்பாடு ஜெயமோகன் இலக்கிய நாவல்களுக்கு ஒரு பட்டியலும் மிகுகற்பனைக் கதைகளுக்குத் தனிப் பட்டியலும் போட்டார். இப்படி வகை பிரித்துவிட்டால், எந்தப் பந்தியில் உட்காருகிறோம் என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துவிடும். அந்த வகையில் இது நேர்மையான ஏற்பாடு.

பந்தி பிரித்த பிறகுதான் சிக்கல். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' அசல் பேய்க்கதை. இருந்தும், பேய்க்கதை கேட்டு வருபவரிடம் அவர் பெயரை யார் சொல்கிறார்கள்? தேவனின் சாம்பு துப்பறிவாளனா, கோமாளியா? 'என் இனிய இயந்திரா' எழுதிய சுஜாதாதான் 1857 கிளர்ச்சியை வைத்து 'ரத்தம் ஒரே நிற'மும், தம் ஊர் மனிதர்களை வைத்து ஸ்ரீரங்கத்துக் கதைகளும் எழுதினார். அறிவியல் நாற்காலியில் அவரை உட்கார வைத்தால் இந்த இரண்டும் கண்ணில் படாமலே போகும். பெண் எழுத்தாளருக்கு இந்த வரிசையில் கிடைப்பது குடும்பக் கதை என்ற ஒரே ஓரம். அம்பை அங்கே அடங்குவாரா?

இன்னொரு குறை, வெறும் பெயரோடு நிறுத்திக்கொள்வது. ராஜேஷ்குமார் எழுதியவை 1,500 நாவல்களுக்கு மேல். 'ராஜேஷ்குமாரைப் படியுங்கள்' என்பது கோயம்புத்தூருக்குப் போய் இறங்குங்கள், தெருவை நீங்களே கண்டுபிடியுங்கள் என்று வழி சொல்வது போலத்தான். கைக்கு அகப்பட்ட முதல் புத்தகம் சுமாராக இருந்தால் புதிய வாசகர் அந்த எழுத்தாளரையே கைகழுவிவிடுவார். பழி பரிந்துரைத்தவர்மேல் விழாது.

அடுத்த முறை யாராவது பிடித்த எழுத்தாளர் என்று ஒரு பெயரைச் சொன்னால், அவர் எழுதியதில் எந்தப் புத்தகம், அதில் என்ன பிடித்தது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.