சிவகாசி நாட்காட்டி ஓவியங்களில் உடலழகு: தாயில்பட்டியை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

அழகெனக் கருதப்படும் உடல்வடிவம் காலந்தோறும் மாறுவதை இரசனை மாற்றமாக மட்டும் கொள்வது போதாது. உடலுழைப்பின் சுவடு படியாத உடலே அழகின் அளவுகோலாகத் தொடர்ந்து நிறுவப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நாட்காட்டியின் உடல்

1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிகளுக்கான லேபிள் தேவை அச்சுத் தொழிலை வளர்த்தது. அச்சுத் தொழில் நாட்காட்டிகளைப் பெருக்கியது. அவற்றின் தெய்வ உருவங்களுக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் அவர்தம் மாணவர்களும் வரைந்த இலட்சுமி வட்ட முகமும் திரண்ட தோளும் உடையவள். வேலேந்திய முருகனிடத்தும் தசை முறுக்கு இல்லை. மழையை நம்பிய கரிசல் நிலத்தில் சதைப்பற்று வளத்தின் குறியீடாகப் பொருள்பட்டது. ‘ஹரிதாஸ்’ (1944) படத்தின் எம்.கே. தியாகராஜ பாகவதரிடம் காணப்படுவதும் இம்மென்மையே.

திரையின் உடல்

‘வாரணம் ஆயிரம்’ (2008) படத்தில் சூர்யாவின் ‘சிக்ஸ் பேக்’ உடல் கொண்டாடப்பட்டது. இறுகிய தசை உழைப்பாளியின் உடலை நினைவூட்டினும், அது வேலையால் விளைந்ததன்று. ஓய்வும் தேர்ந்த உணவும் பயிற்சிக்கூடமும் ஈந்தது. அவ்வாறே, வறுமையின் அடையாளமாக இருந்த மெலிவு, கதாநாயகியிடத்தில் கட்டுப்பாட்டின் அடையாளமாகிறது. கூலிப்பெண்ணின் மெலிவுக்கு அம்மதிப்புக் கிட்டுவதில்லை.

தாயில்பட்டியின் உடல்

வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டியைச் சூழ்ந்த பட்டாசு ஆலைகளில் பெண்கள் தரையில் அமர்ந்து, குனிந்த முதுகுடன் திரி செருகுகின்றனர், பெட்டி ஒட்டுகின்றனர். அலுமினியத் தூள் படிந்த கைகள் சாம்பல் நிறம் கொள்கின்றன. அக்கைகள் ஒட்டும் பெட்டிகளின் மேல் அத்தகைய கைகள் படமாவதில்லை.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. பழைய இலட்சியம் மறைந்து புதியது வந்தது என்று நேர்க்கோட்டில் கூற இயலாது. வீட்டுச் சுவரில் திரண்ட தோளுடைய இலட்சுமி இன்றும் இருக்கிறாள்; கைப்பேசித் திரையில் மெலிந்த நாயகியும் இருக்கிறாள். ஒரே பெண் ‘சதைப்பிடிப்பு இல்லை’ என்றும் ‘பருமன்’ என்றும் இரு அளவுகோல்களாலும் குறை கூறப்பட இடமுண்டு.

முடிவுரை

மாறியது வடிவம், மாறாதது விலக்கம். எனவே உடலழகு குறித்த ஆய்வு, படத்தில் இருக்கும் உடலோடு நின்றுவிடாமல், அப்படத்தை அச்சிட்டு, ஒட்டி, அடுக்கும் உடலையும் தன் ஆய்வுப்பொருளாகக் கொள்ளல் வேண்டும்.