முதலில் பென்சிலைக் கீழே வையுங்கள்

கேசட்டையும், அதன் தளர்ந்த நாடாவைச் சுற்றப் பயன்பட்ட பென்சிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, ‘இந்த இரண்டுக்கும் என்ன உறவென்று தெரிந்தால் நீங்கள் தொண்ணூறுகளின் பிள்ளை’ என்று போடுகிறார்களே, அவர்கள்மீதுதான் எனக்கு முதல் கோபம். அந்தப் படத்துக்கு உருகுகிறவர்களில் எத்தனை பேர் அன்று ராத்திரி ஒரு கேசட்டைப் போட்டுக் கேட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஒருத்தரும் தேறமாட்டார். அவர்களுக்குத் தேவை தங்கள் பால்யம், கேசட் அல்ல. இதைப் பார்க்கிற இருபது வயதுக்காரர், ‘இது ஏதோ பெரியவர்களின் ஒப்பாரி, நமக்கெதற்கு’ என்று நகர்ந்துவிடுகிறார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் நகர்ந்திருப்பேன்.

தம்பி, தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்கள். கேசட்டை ரசிக்க எண்பதுகளில் பிறந்திருக்கத் தேவையில்லை. காது வேண்டும், அரை மணி நேரம் எதையும் தள்ளிவிடாமல் உட்காரத் தெரியவேண்டும். மீதியைச் சொல்லித் தருகிறேன்.

அடிப்படை, அவசரமாக

பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு உருவாக்கிய பொருள் இது. 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானது. பேச்சைப் பதிவு செய்யத்தான் முதலில் நினைத்தார்கள். பாட்டு பிற்பாடு வந்து ஏறிக்கொண்டது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அது டெக்கின் தலையை, அதாவது நாடாவைப் படிக்கும் பகுதியை, தாண்டும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஸ்டீரியோ என்றால் அந்த 3.81 மில்லிமீட்டருக்குள் நாலு தடங்கள், பக்கத்துக்கு இரண்டு. சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், சி-90 என்றால் நாற்பத்தைந்து. சி-120 வாங்காதீர்கள், நாடா மெலிசு, டெக் தின்றுவிடும்.

பழைய டெக் அல்லது டூ-இன்-ஒன் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பெல்ட் தளர்ந்திருக்கும், மாற்றச் சொல்லுங்கள். தலையையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பல வருஷம் சும்மா கிடந்த கேசட்டை எடுத்தவுடன் கேட்காதீர்கள். ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றி, பிறகு போடுங்கள். கண்ணாடி வழியே நாடாச் சுருளில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர்க் கடலோர ஈரத்துக்கு அது சகஜம். அதை டெக்கில் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அவ்வளவுதான் அடிப்படை. இனி விஷயத்துக்கு வருவோம்.

எதையெல்லாம் ரசிக்கவேண்டாம்

‘அனலாக் ஒலியில் ஒரு கதகதப்பு இருக்கிறது’ என்று ஆரம்பிப்பவரிடமிருந்து எழுந்து போய்விடுங்கள். கேசட்டில் நிஜமாக இருப்பது இரைச்சல், மேல் சுரங்களின் மங்கல், வேகத்தின் சிறு ஆட்டம். இந்த மூன்றும் குறைகள்தான். குறையைக் குறையென்று தெரிந்துகொண்டு ரசிப்பது ஒன்று, அதற்குப் பட்டுச்சட்டை போட்டுவிட்டுக் கும்பிடுவது வேறு. காபிக் கடைச் சுவரில் கேசட்டுகளை ஒட்டி அலங்கரிப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் ஏதோ ஒன்று யாரோ ஒருவர் மாசச் சம்பளத்தில் பிடித்துப் பதிந்ததாக இருக்கும். இன்று நாடா வெளியே தொங்குகிறது.

குரோம், மெட்டல் என்று நாடா வகையைப் பற்றியே மணிக்கணக்கில் பேசும் கூட்டம் இன்னொன்று. அவர்கள் அலமாரியில் பிரிக்காத வெற்றுக் கேசட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். பாட்டு இருக்காது.

கம்பெனிக் கேசட்டையும் ஓரமாக வையுங்கள். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம், அட்டையில் கதாநாயகன் முகம். பிரதி எடுக்கும் எந்திரத்தில் பல மடங்கு வேகத்தில் ஓடி வந்தவை. அந்தப் பாட்டுகள் இன்று உங்கள் போனிலேயே இன்னும் சுத்தமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுக்கென்று ஒரு கேசட் கலை இருந்தது என்றால், அது ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய கேசட்தான். கோடு போட்ட தாளில் பாட்டு எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் தன்னிடம் உள்ள இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து, உள்ளட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் வரிசை எழுதித் தருவார். சட்டப்படி அது திருட்டுதான், மழுப்பவேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே பிரதி. இரண்டு மனிதர்கள் கூடிச் செய்தது.

தட்டிலிருந்து வந்ததா, நாடாவிலிருந்து வந்ததா?

இங்கேதான் ரசனை தொடங்குகிறது. ஒரு பதிவுக் கேசட் கையில் வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, என்ன பாட்டு என்பதல்ல. இது இசைத்தட்டிலிருந்து நேராகப் பதிந்ததா, இன்னொரு கேசட்டிலிருந்து பிரதி எடுத்ததா? இதைக் காதால் கண்டுபிடிக்கத் தெரியாதவர் கேசட் கேட்டதாகவே நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பாட்டு ஆரம்பிப்பதற்கு முந்தைய ஒன்றிரண்டு நொடியைக் கவனியுங்கள். தட்டிலிருந்து பதிந்தது என்றால், முள் இறங்கிய பிறகு வரும் ‘சடசட’ கேட்கும், அடியில் மோட்டாரின் மெல்லிய உறுமல் இருக்கும். ஒழுங்கான கடைக்காரர் முள்ளை இறக்கி, ‘தொப்’ சத்தம் கடந்ததும் பாஸ் பட்டனை விடுவார். ரொம்பச் சுத்தக்காரர் முதல் சுரம்வரை காத்திருப்பார். எனக்குப் பிடித்தவர் நடுவாந்திரம்: தொப் வேண்டாம், சடசட கொஞ்சம் இருக்கட்டும். பாட்டு எங்கிருந்தோ வருகிறது என்று அந்த ஒரு நொடி சொல்லிவிடுகிறது.

கேசட்டிலிருந்து பிரதி எடுத்தது என்றால் கதை வேறு. இரைச்சல் இரண்டு படியாக ஏறும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இந்த நாடாவின் சொந்த இரைச்சல் மட்டும். பிறகு மூல நாடாவின் இரைச்சலும் வந்து சேர, ‘ஸ்ஸ்’ சட்டென்று தடிக்கும். அதன் பிறகே பாட்டு. ஹெட்போனில் அந்தப் படி துல்லியமாகத் தெரியும். சுருதியையும் பாருங்கள். இரண்டு எந்திரங்களின் வேகமும் ஒன்றாக இருக்காது; வேகம் 6 சதவீதம் கூடினால் பாட்டு அரைக்கட்டை ஏறிவிடும். பிரதியின் பிரதியில் பாடகருக்குக் கொஞ்சம் வயசு குறைந்தாற்போல் இருந்தால் காரணம் இதுதான்.

தட்டு என்று முடிவானதும், என்ன தட்டு? இதை எண்ணியே சொல்லலாம். தட்டில் ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’ கேட்கும். எல்.பி. என்ற பெரிய தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஆக 1.8 நொடிக்கு ஒரு டிக். 45 சுற்று ஓடும் சின்னத் தட்டு என்றால் 1.33 நொடி. பழைய 78 என்றால் முக்கால் நொடிக்குக் கொஞ்சம் கூட. போனில் உள்ள கடிகாரத்தை ஒரு டிக்கில் தொடங்கி, அதற்குப் பிறகு பத்து டிக் எண்ணுங்கள். பதினெட்டு நொடி வந்தால் எல்.பி. பாட்டு எந்தத் தட்டில் குடியிருந்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்!

இன்னும் இருக்கிறது. எல்.பி.யின் ஓரத்தில் முள்ளுக்கடியில் தடம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் அளவில் ஓடுகிறது. உள்ளே லேபிள் பக்கம் வரும்போது 20 சொச்சம்தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதவேண்டியிருப்பதால் முள் திணறும், ‘ச’வும் ‘ஸ’வும் பிசிறடிக்கும். ஆகவே உங்கள் கேசட்டில் ஏதாவது ஒரு பாட்டில் மட்டும் ஜானகியின் ‘ச’ கரகரத்தால் குறை பாடகியிடம் இல்லை. பெரும்பாலும் அது தட்டின் அந்தப் பக்கத்துக் கடைசிப் பாட்டு. கேசட்டில் அது முதல் பாட்டாகக்கூட வந்திருக்கலாம். பழைய வீட்டின் விலாசம் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது, பாருங்கள்.

வானொலியிலிருந்து வீட்டிலேயே பதிந்தது என்று மூன்றாவதாக ஒரு சாதி உண்டு. முன்னிசை துண்டாகி, இலங்கை வானொலி அறிவிப்பாளரின் கடைசி அசை மட்டும் மாட்டியிருக்கும். அப்துல் ஹமீதின் குரல் முழு வாக்கியமாக மாட்டியிருந்தால் அதிர்ஷ்டம். அதைப் பற்றி எழுத இடமில்லை.

சரி, எப்படிக் கேட்பது?

ஏ பக்கம் முதலிலிருந்து, வரிசையாக. பாட்டைத் தாண்டாதீர்கள். வரிசைதான் அந்தக் கேசட்டின் கருத்து. முப்பது நிமிடத்தில் ஆறேழு பாட்டு அடங்கும். அதற்குள் எதை முதலில் வைப்பது, சோகத்துக்குப் பிறகு எதைப் போடுவது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கையெழுத்து வரிசையை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எழுதியிருக்கும் பாட்டுக்குப் பதில் வேறு பாட்டு வந்தால், கடைக்காரரிடம் அந்தத் தட்டு இல்லை என்று அர்த்தம். அவர் மாற்றாக எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் அவருடைய ரசனை தெரியும். பக்கத்தின் கடைசியைக் கட்டாயம் கேளுங்கள். மூன்று நிமிடம் மிச்சமிருந்தால் நல்ல கடைக்காரர் சின்னதாக ஒரு வாத்திய இசையைப் போட்டு நிரப்புவார். சோம்பேறி, சரணத்தின் நடுவில் அறுந்துபோக விட்டுவிடுவார். கடையின் தரத்தை நான் எடைபோடுவது அந்த மூன்று நிமிடத்தில்தான்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். பல நாள் நான் பாட்டையே கேட்பதில்லை. டிக் எண்ணிக்கொண்டு, அடுத்த பாட்டுக்கு முந்தைய சடசடவுக்குக் காத்துக்கொண்டு இருப்பேன். வீட்டில் இதைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. பாட்டை ஆயிரம் பேர் ரசிக்கிறார்கள்; அந்த ஓரங்களை ரசிக்க ஆள் குறைவு. பதிந்தவரும் பதியச் சொன்னவரும் அங்கேதான் அகப்படுகிறார்கள்.

பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை. முதல் வேலையாக இரைச்சலை நீக்கி, இடைவெளியை வெட்டி, பாட்டுவாரியாகப் பிரித்துத் தருவார்கள். அப்படிக் கிடைக்கும் பாட்டு எங்கும் கிடைக்கிற பாட்டுதான், அதுவும் மட்டமான பிரதி. ஏற்றுவதானால் ஒரு பக்கத்தை அப்படியே ஒரே கோப்பாக, எதையும் நீக்காமல் ஏற்றச் சொல்லுங்கள்.

இந்த வாரக் கடைசியில் பரணிலிருந்து பழைய கேசட் பெட்டியை இறக்குங்கள். கம்பெனிக் கேசட்டை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். கையால் வரிசை எழுதியிருப்பவற்றைத் தனியே எடுங்கள். பூஞ்சை பிடிக்காததில் ஒன்றை ஏ பக்கம் முழுக்கக் கேளுங்கள். கேட்க மனமில்லையா, பழைய பேப்பர் கடைக்குப் போடாமல், அந்த உள்ளட்டையையும் சேர்த்து, கேட்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.