சம்பளச் சீட்டு இல்லாதவரின் விபத்து வழக்கு

பல்லடம் தாண்டிப் பொங்கலூர் வழியாகக் கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் போனவர்களுக்கு அந்தச் சாலையின் அவசரம் தெரியும். ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பனியன் கம்பெனி வேன், பிராய்லர் கோழி ஏற்றிய வண்டி, விசைத்தறிக்கு நூல் கொண்டுபோகும் டெம்போ, இவற்றுக்கு நடுவே மொபெட்டில் ஒரு குடும்பம். இந்தப் பக்கம் அடிபட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் காலைப் பற்றி விசாரித்த கையோடு, ‘கேஸ் போட்டாச்சா?’ என்றும் கேட்டுவிடுவார்கள்.

விபத்து வழக்கு பற்றிய புலம்பல் பெரும்பாலும் தாமதத்தைப் பற்றியதுதான். வாய்தா, மறுபடி வாய்தா, மேல்முறையீடு. குறை உண்மையானதுதான். ஆனால் அத்தனை வாய்தாவுக்குப் பிறகு வரும் தொகை எந்த எண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பின்னலாடைத் தொழிலாளி அதிகம் இழப்பது அங்கேதான் என்பது என் கருத்து.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். மூடி இல்லாத சாக்கடையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டவர் இழப்பீடு கேட்டால் உரிமையியல் வழக்குப் போட வேண்டும். கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். கவனக்குறைவு யாருடையது என்று அவரே நிரூபிக்க வேண்டும். ஜெயித்தாலும் பணத்தை வசூலிக்கத் தனியாக அலைய வேண்டும். அதனால் அந்த வழக்கை யாரும் போடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988 அமைத்த தீர்ப்பாயம் இந்தத் தடைகளில் பலவற்றை எடுத்துவிட்டது. கட்டணம் குறைவு. விபத்து நடந்த ஊரிலும் போடலாம், குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஓட்டுநருக்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டனை கிடைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலான வழக்குகளில் பணம் தருவது காப்பீட்டு நிறுவனம். நம் ஊரில் காயத்துக்காக ஏழை ஒருவர் துணிந்து நீதிமன்றப் படி ஏறுகிறார் என்றால் அது பெரும்பாலும் இந்தத் தீர்ப்பாயத்தின் படிதான்.

கணக்கிலும் ஒழுங்கு வந்திருக்கிறது. ஒரே மாதிரியான இறப்பு வழக்குக்கு ஒரு நீதிபதி ஒரு லட்சமும் இன்னொருவர் ஐந்து லட்சமும் தந்துகொண்டிருந்த நிலையை உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் (2009) ஓரளவு கட்டுப்படுத்தியது. வயதுக்கு ஏற்ற பெருக்கெண்: 31 முதல் 35 வயதுவரை 16, 41 முதல் 45 வரை 14. பிரணய் சேத்தி வழக்கில் (2017) எதிர்கால வருமான உயர்வுக்கும் விகிதம் வகுத்தார்கள். நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் 40 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். காயவழக்குகளுக்கும் அது பொருந்தும் என்பது 2020இல் உறுதியானது.

ஆக, பெருக்கத் தெரியும். எதைப் பெருக்குவது என்பதில்தான் சிக்கல்.

ஓவர்லாக் மெஷினில் உட்காரும் 32 வயது டெய்லர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பீஸ் ரேட். சனிக்கிழமை கையில் பணம். ஆர்டர் இருக்கும் மாதம் ஒன்றரை ஷிப்ட், இல்லாத மாதம் அரை வாரம். மாதச் சராசரி 20,000 ரூபாய் என்று வைப்போம். வலது மணிக்கட்டு நொறுங்கி, துணியைச் சரியாகத் தள்ளிக்கொடுக்க முடியாத நிலை. சம்பளச் சீட்டு இல்லை. தீர்ப்பாயம் உத்தேசமாக 12,000 என்று வைக்கிறது. மருத்துவக் குழு ஊனம் 30 சதவீதம் என்கிறது. 40 சதவீதம் கூட்டி, 12 மாதத்தாலும் 16ஆலும் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் 9,67,680 ரூபாய். உண்மையான 20,000ஐ வைத்து, தொழிலில் அவர் இழந்தது 60 சதவீதம் என்று ஏற்றுக்கொண்டால் அதே கணக்கு 32,25,600 ரூபாய் ஆகிறது. விபத்தும் ஒன்று, கையும் ஒன்று.

கீழே இறங்கவும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டு வழக்குகளில் ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு என்று மொத்தமாகத் தரும் முறை நெடுநாளாக உண்டு. சதவீதத்துக்கு 3,000 ரூபாய், பிறகு 5,000 ரூபாய் என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் பார்க்கலாம். வருமான இழப்பை நிரூபிக்கவில்லை என்று இந்த வழியில் போனால் நம் டெய்லரின் 30 சதவீதத்துக்குக் கிடைப்பது 1,50,000. தீர்ப்பு தாமதமாக வந்ததை மட்டும் குறை சொல்லிவிட்டு இதைக் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உடலின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு என்று ராஜ்குமார்–அஜய் குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ ஏறக்குறைய முழு இழப்பு. அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு காட்டிய எடுத்துக்காட்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பெருவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்று அட்டவணை போட்டது. கட்டிங் மாஸ்டருக்கும் வாட்ச்மேனுக்கும் அதே விரல், அதே சதவீதம். தீர்ப்பாயத்துக்கு அந்த அட்டவணை கட்டாயமில்லை. ஆனால் மருத்துவக் குழுவின் சான்றிதழில் இருப்பது மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதுதான். அந்த மூட்டை வைத்துப் பேட்லாக் மெஷின் ஓட்ட முடியுமா என்று வழக்கறிஞர் கேட்க வேண்டும், சாட்சியம் வைக்க வேண்டும். கேட்காவிட்டால் சான்றிதழின் எண்ணே தீர்ப்பின் எண்ணாகிவிடும்.

வருமானத்தில் இன்னொரு வேடிக்கை. சீட்டே இல்லாதவருக்காவது நீதிபதியின் உத்தேசம் உண்டு. 2008இல் விபத்துக்குள்ளான காய்கறி வியாபாரிக்கு எந்த ஆவணமும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் சையத் சாதிக் வழக்கில் (2014) ஏற்றது. பதிவேட்டில் ஒரு தொகை, கையில் வேறு தொகை என்று வாங்குகிறவர் பாடுதான் மோசம். பி.எஃப். பிடித்தம் குறையட்டும் என்று குறைத்து எழுதிய தொகை அவருக்கு எதிரான ஆவணமாகிவிடுகிறது. அப்படி எழுதும்போது அவரும் தலையாட்டியிருப்பார் என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் நடத்தும் வழக்கறிஞருக்கு, கிடைக்கும் இழப்பீட்டில் சதவீதம் தருவது ஊரறிந்த வழக்கம். பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. பாதிக்கப்பட்டவர் முன்பணம் எடுத்து வைக்க முடியாத நிலையில் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பாதி வழக்குகள் தாக்கலே ஆகாது என்பதும் நிஜம். அமெரிக்காவில் அது சட்டப்படியான ஏற்பாடு, எழுத்தில் இருக்கிறது. இங்கே வாய்மொழியாக இருப்பதால் கேள்வி கேட்க இடமில்லாமல் போகிறது. ஒளித்துச் செய்வதைவிட வரம்பு வைத்து எழுதிச் செய்வதே மேல் என்பேன்.

தீர்ப்பு வந்தாலும் பணம் வந்துவிடாது. லோடு வண்டியின் பின்னால் ஏறிப் பண்ணை வேலைக்குப் போகிறவர்கள் நிலைமை இதில் கொடியது. சரக்கு வாகனத்தில் சும்மா ஏறியவருக்குக் காப்பீடு பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கு (2002) முடிவு செய்துவிட்டது. பொறுப்பு வண்டி உரிமையாளர்மீது விழும். அவரிடம் இருப்பதோ கடனில் வாங்கிய அந்த ஒரு வண்டிதான். அரசுப் பேருந்து மோதிய வழக்கில் போக்குவரத்துக் கழகமே பணம் கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்தடித்தால் நிறைவேற்று மனு, ஜப்தி. பயணிகளை இறக்கிவிட்டு நீதிமன்ற அமீனா பேருந்தை வளாகத்துக்கு ஓட்டிவரச் செய்யும் காட்சி கோவை, திருப்பூர் வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல.

2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தவறு யாருடையது என்று பார்க்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்ற வழியைத் திறந்தது. அதைப் பெற்றுக்கொண்டால் பெரிய வழக்கு இல்லை. காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியும் நல்லது. ஆனால் 1994இல் நீக்கிய காலக்கெடுவை ஆறு மாதமாக மறுபடி கொண்டுவந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. காலில் பிளேட் வைத்தவர் ஆறாவது மாதம் வாக்கரில் இருப்பார். அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது.

வருமானம் என்ற முதல் எண்ணுக்கே திரும்பினால், திருப்பூரில் அதற்கு ஓர் ஆதாரம் கையருகே இருக்கிறது. உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் போடுகின்றன. கட்டிங், டெய்லர், அயர்ன், செக்கிங், கைமடி என்று பிரிவுவாரியாக ஷிப்ட் சம்பளம் அதில் இருக்கிறது. குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு ஓர் அளவுகோல்தான், அதுவே முடிவல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருப்பதால், அதற்கு மேல் போக இந்த ஒப்பந்தம் உதவும். நகலை வாங்கிச் சான்றாவணமாகக் குறியிட்டு, அதே லைனில் தைக்கும் இன்னொரு டெய்லரைக் கூண்டில் ஏற்றலாம். வேலை நாளில் ஷிப்டை விட்டுவிட்டு, கம்பெனியின் முகம் கோணாமல் அவர் வந்துபோக முடியுமா என்பதுதான் அடுத்த தடை.