மதர்போர்டு பேரில் ஒரு பட்டா

விண்டோஸ் போடும்போது நடுவில் ஒரு பக்கம் வரும். நீளமான ஆங்கிலம், கீழே ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் அடித்தால்தான் மேலே போகும். அதை முழுக்கப் படித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பழைய மடிக்கணினிகளுக்கு முறையான லைசன்ஸோடு மறுபடி விண்டோஸ் போடுவது எப்படி என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சாக்கில் விண்டோஸ் 10 ஒப்பந்தத்தை ஒரு நூலை எடுத்துப் படிப்பது போல உட்கார்ந்து படித்தேன். ஆகவே இதை ஒரு நூல் விமர்சனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூல் கொஞ்சம் வறட்சி. விஷயம் அப்படியில்லை.

முதலில் தெரியவேண்டியது: நாம் வாங்கும் மிஷினோடு வரும் விண்டோஸின் பட்டா நம்ம பேரில் இல்லை, மிஷின் பேரில் இருக்கு. ஒப்பந்தம் ரெண்டு வகை ஆட்களைப் பேசுகிறது. தனியாகப் பெட்டியில் விண்டோஸ் வாங்கினவர் அதைத் தன்னுடைய வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். கணினியோடு சேர்ந்து வந்ததை வாங்கினவர் மாற்ற முடியாது. அந்தக் கணினியை யாருக்காவது கொடுத்தால் லைசன்ஸும் கூடப் போகும். ஸ்டிக்கர் இருந்தால் ஸ்டிக்கரோடு. நம்ம ஊரில் பெட்டியில் விண்டோஸ் வாங்கினவர்களை விரல்விட்டு எண்ணிடலாம். மத்த எல்லாரும் ரெண்டாவது வகை.

சரி, அந்த லைசன்ஸ் மிஷினில் எங்கே உட்கார்ந்திருக்கு? விண்டோஸ் 7 காலத்தில் அடிப்பக்கம் ஒட்டின ஸ்டிக்கரில். 25 எழுத்து. மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ரெண்டு வருஷத்தில் பாதி எழுத்து போய்விடும். வேடிக்கை என்னவென்றால் பெரிய கம்பெனி மிஷின்களில் தொழிற்சாலையில் போட்டது அந்த ஸ்டிக்கர் கீயே கிடையாது. கம்பெனி முழுக்கப் பொதுவான ஒரு கீயும், பயாஸுக்குள் ஒரு அடையாளமும் சேர்ந்து ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும். ஸ்டிக்கர் கீ ஆபத்துக்கு உதவ. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டிக்கரை ஒழித்துவிட்டு, ஒவ்வொரு மிஷினின் கீயையும் மதர்போர்டில் இருக்கிற சிப்புக்குள்ளேயே எழுதிவைக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு வந்த மிஷின்களில் கம்பெனியின் அசல் பென்டிரைவைப் போட்டால் கீ கேட்கவே கேட்காது. போர்டிலிருந்து தானே படித்து, எந்தப் பதிப்போ அதையே போட்டு, நெட் வந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். இவ்வளவுதான் வேலை.

ஆனால் டவுன் கடைகளில் நடப்பது வேறே. கடைத்தம்பியிடம் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதில் இருப்பது விண்டோஸ் 10 ப்ரோ. எல்லாருக்கும் ப்ரோ. வந்த மிஷினோ ஹோம் சிங்கிள் லேங்குவேஜ். இந்தியாவில் விற்ற மடிக்கணினிகளில் ஏராளமானவை அந்தப் பதிப்புதான். (இத்தனை மொழி பேசுகிற நாட்டுக்கு ஒரே மொழிப் பதிப்பு அனுப்பின புண்ணியவான் யாரோ! அதில் தமிழ் டைப் அடிக்கலாம், முகப்பை இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாற்ற விடாது.) போர்டில் இருக்கும் ஹோம் கீ ப்ரோவுக்கு ஒத்துவராது. ஆக்டிவேட் ஆகாது. உடனே தம்பி ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஒரு ஆக்டிவேட்டரை ஓடவிடுவார். பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளைத் தங்கள் சர்வர் ஒன்றை வைத்தே ஆக்டிவேட் செய்ய ஒரு ஏற்பாடு உண்டு. ஆக்டிவேட்டர் நம்ம மிஷினுக்குள்ளேயே அப்படி ஒரு பொய் சர்வரை உட்காரவைக்கும், இல்லை என்றால் எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத சர்வரைக் காட்டிவிடும். 180 நாளுக்குள் அது புதுப்பித்துக்கொண்டே இருக்கணும். அதனால் அந்த நிரல் மிஷினை விட்டுப் போகாது.

ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கின லைசன்ஸ் போர்டில் தூங்கிக்கொண்டிருக்க, அதன் மேலேயே திருட்டு விண்டோஸ் ஏறி உட்கார்கிறது. சொந்த வீட்டுக்குள் ஓடு பிரித்து இறங்கின கதை. நான் திறந்து பார்த்த மிஷின்களில் இந்த வகைதான் நிறைய. அந்த மிஷினில்தான் பேங்க் வேலை, பிள்ளையோட அட்மிஷன், மானிய விண்ணப்பம் எல்லாம் நடக்குது. ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்ன ஒரு நிரலும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்குது. கடைத்தம்பியைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. சில நூறு ரூபாய்க்கு அரை மணியில் முடிக்கவேண்டிய வேலை அது. அசல் விண்டோஸ் 5 ஜிபிக்கு மேல். ஆளுக்கு எந்தப் பதிப்பு என்று பார்த்துப் போட அவருக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை.

இங்கே ஒப்பந்தத்தின் ஒரு வரி முக்கியம். இந்த மென்பொருளைப் பயன்படுத்த உரிமை வேண்டுமானால் ரெண்டு நிபந்தனை: முறையான லைசன்ஸ் இருக்கணும், முறையான வழியில் ஆக்டிவேட்டும் ஆகியிருக்கணும். ரெண்டும் வேணும். ஆக நம்ம கடை மிஷின்காரர் முதல் நிபந்தனையில் பாஸ், ரெண்டாவதில் ஃபெயில். சட்டமும் பக்கத்தில் நிற்கிறது. 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாளிலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. லாபத்துக்கோ தொழிலுக்கோ இல்லாத பட்சத்தில் கோர்ட் சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதம் மட்டும் போடலாம். அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு இன்னொரு பக்கம், முறையாக ஒரு பிரதியை வைத்திருப்பவர் அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்காகப் பிரதி எடுக்கலாம், அழிந்துபோனால் இருக்கட்டும் என்று காப்புப் பிரதியும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஒப்பந்தத்திலும் ஒரு காப்புப் பிரதிக்கு இடம் உண்டு. அதாவது நேர்வழி திறந்தே கிடக்கிறது. அந்த வழி எங்கே ஆரம்பிக்கிறது என்பதை ஒப்பந்தம் சொல்லாது. மிஷின் வாங்கும்போது கையில் ஒரு டிவிடியும் தரமாட்டார்கள். என் முதல் குறை இதுதான். தண்டனைக்குரியதை விளக்குகிற அளவுக்கு, நமக்குச் சேர வேண்டியதை எப்படி எடுத்துக்கொள்வது என்று விளக்காத நூல் இது.

ரெண்டாவது குறைக்குக் காரைக்கால்மேட்டின் காற்று வேணும்.

கடலை ஒட்டின எங்கள் ஊரில் இரும்பு நிக்காது. படகு எஞ்சினைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி விட்டு அலசுவார்கள். மடிக்கணினியை அப்படி அலச முடியுமா? அதன் விசிறி நாள் முழுக்க உப்பு ஈரத்தை உள்ளே இழுக்கும். மூணு நாலு வருஷத்தில் போர்டின் செம்புக் கோடுகளில் களிம்பு ஏறி, பச்சை பூத்து, ஒருநாள் பட்டனை அழுத்தினால் சத்தமே இருக்காது. ஹார்ட் டிஸ்க் போனால் லைசன்ஸ் போகாது, ராம் மாற்றினால் போகாது. எங்கள் ஊரில் முதலில் போவதோ போர்டு. லைசன்ஸ் ஒட்டியிருக்கும் இடமும் அதுவே.

போர்டு மாறினால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் தேடினேன். பாகங்கள் மாறினால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லக்கூடும் என்பதோடு சரி. விளக்கம் வேறொரு இடத்தில், கணினி சேர்த்து விற்கும் வியாபாரிகளுக்கான கேள்வி பதிலில் இருக்கிறது. கணினிக்கு உயிர் மதர்போர்டுதான், அதனால் வேறு காரணத்துக்காகப் போர்டை மாற்றினால் அது புதுக் கணினி, லைசன்ஸும் புதுசா வாங்கணும். பழுதாகி, அதே மாடலோ தயாரிப்பாளர் தரும் இணையான போர்டோ போட்டால் பழைய லைசன்ஸ் தொடரும். நியாயமான விதி. டிக் அடிக்கிறவர் கண்ணில் படாத இடத்தில் வைத்ததுதான் அநியாயம்.

என் சித்தப்பா மகள் மிஷினில் இது ஒரு புதிராகவே வந்தது. போர்டு செத்து, ரிச்சி தெருவிலிருந்து அதே மாடலின் பழைய போர்டு ஒன்று வரவழைத்தோம். போட்டு, அசல் பென்டிரைவில் விண்டோஸ் ஏற்றியதும் கேட்காமலே ஆக்டிவேட் ஆனது. "அண்ணே, நம்ம கீயா இது?" என்றாள். இல்லை. யாரோ ஒருத்தருடைய மிஷினிலிருந்து வந்த போர்டு அது, அந்தக் கீயும் அவருடையது. அவள் லைசன்ஸ் செத்த போர்டில். விதிப்படி பார்த்தால் பழுதுக்காக அதே மாடல் போர்டு போட்டதால் அவள் லைசன்ஸ் உயிரோடு இருக்கு. ஆக்டிவேட் ஆனதோ ஊர் பேர் தெரியாதவர் கீயில். அவள் முறையான லைசன்ஸ்தாரர்தான் என்பது என் கட்சி. அதை ஒப்பந்தத்தை மட்டும் வைத்து வாதாட முடியாது.

விண்டோஸ் 7 வைத்திருந்தவர்கள் கதை இதைவிட வினோதம். 2015 ஜூலை 29 முதல் ஒரு வருஷம் 7-இலிருந்து 10-க்கு இலவசமாக ஏறலாம் என்றார்கள். அந்த வருஷம் முடிந்தும் 7-இன் கீயை 10 வாங்கிக்கொண்டுதான் இருந்தது. 2023 செப்டம்பரில் அந்த வழியை மூடினார்கள். நடுவில் ஒரே ஒரு தடவை ஏறியிருந்தால் அந்த மிஷினின் அடையாளம் கம்பெனி சர்வரில் பதிந்திருக்கும். இன்றைக்கு டிஸ்க்கை மாற்றிப் போட்டாலும், கீ இல்லை என்று சொல்லிவிட்டு அதே பதிப்பைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். ஏறாமல் விட்டவருக்கு ஒன்றும் கிடையாது. ஒரே கடை, ஒரே விலை, ஒரே ஸ்டிக்கர், ரெண்டு தலையெழுத்து.

கொண்டான் கொடுத்தான் உறவில் நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கத்து அரசு மடிக்கணினிகளும் இங்கே நிறைய. 2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாடு அரசு தொடங்கின இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை வைத்து சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலும் கடைக்காரர் முதலில் செய்த காரியம் இடம் பிடிக்குது என்று பாஸை அழித்ததுதான். அந்த மிஷின்களில் எந்தப் போர்டையும் சாராத லைசன்ஸ் அது ஒன்றுதான். லினக்ஸின் லைசன்ஸும் ஒரு ஒப்பந்தமே, அதிலும் கடமைகள் உண்டு. ஆனால் எந்த மிஷின், எத்தனை மிஷின், போர்டு மாறியதா என்ற கேள்வியே அதில் இல்லை. அதற்காக எல்லாரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் பத்திரிகை அடிக்கிற டிடிபிகாரருக்கு விண்டோஸ் இல்லாமல் பிழைப்பு ஓடாது. ரொம்பப் பழைய 32-பிட் மிஷினுக்கு 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் நிறுவும் வசதியையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கமும் கதவுகள் சாத்தத்தான் சாத்துகிறார்கள்.

இன்னொரு சங்கதி. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 வேணும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறைக்கு மேல் வேணும். நான் சொல்லிக்கொண்டிருக்கும் மிஷின் எதுவும் தேறாது. லைசன்ஸுக்குக் காலாவதி கிடையாது. அதன் மேல் வரும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு உண்டு. பட்டா கையில் இருக்க, நிலத்தைக் கடல் அரித்துக்கொண்டு போகிற கணக்கு. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பு உண்டு. 30 டாலர் கட்டலாம், அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி கொடுக்கலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நம் அமைப்புகளை அவர்கள் கிளவுடில் ஏற்ற சம்மதிக்கலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்காரர்களுக்கு மட்டும் அந்தக் கடைசி நிபந்தனை இல்லை. கணக்கில் நுழைந்தால் போதும், இலவசம். அங்கே நுகர்வோர் அமைப்புகள் விடாமல் கேட்டு வாங்கின சலுகை. காரைக்காலில் பல வீடுகளுக்கு பிரான்ஸில் சொந்தம் உண்டு. அங்கிருந்து பழைய மடிக்கணினி வரும், ஏ-வும் க்யூ-வும் இடம் மாறின பிரெஞ்சுக் கீபோர்டோடு. அதே மிஷின், அதே லைசன்ஸ். பாரிஸில் இருக்கும் மாமாவுக்கு ஒரு நிபந்தனை, மேட்டில் இருக்கும் மருமகனுக்கு இன்னொன்று. ஐரோப்பாவில் 2012 ஜூலை 3-இல் யூஸ்டுசாஃப்ட் வழக்கில் தீர்ப்பு வந்தது: காலவரையற்ற லைசன்ஸோடு காசுக்குக் கொடுத்த பிரதி விற்பனைதான், வாங்கினவர் மறுவிற்பனை செய்வதைத் தடுக்க முடியாது. விற்கவில்லை, உரிமம்தான் தருகிறோம் என்று ஒப்பந்தங்கள் எவ்வளவு சொல்லியும் அங்கே எடுபடவில்லை.

இப்போது யாராவது மிஷினைக் கொண்டுவந்தால் அழிப்பதற்கு முன்னால் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, எந்தப் பதிப்பு, டிஜிட்டல் லைசன்ஸா, நிறுவன சர்வர் வழியா என்று பார்த்து எழுதிக்கொள்கிறேன். நிறுவன சர்வர் என்று காட்டினால் கடை வேலை. போர்டில் கீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்பெனி தளத்திலிருந்தே இறக்கின பென்டிரைவில் அந்தப் பதிப்பைப் போட்டால் முடிந்தது. பத்தில் ஏழெட்டு இதிலேயே சரியாகிறது. மிச்சம் பெரும்பாலும் 10-க்கு ஏறாமல் விட்ட விண்டோஸ் 7 மிஷின்கள். அவற்றில் லினக்ஸ் போட்டு, தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுக்கிறேன். அதில் ரெண்டு பேர் பிரிண்டர் ஓடவில்லை என்று திரும்பி வந்தார்கள். ஒன்றைச் சரிசெய்தாச்சு, இன்னொன்று மேசையில் இருக்கு.